பழைய டிரம் மெஷின், சிந்தசைசர்: அறிகுறியைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் (டிரம் ஒலிகளை மின்சுற்றுகளால் உண்டாக்கும் தாளப் பெட்டி) முகப்பு முழுக்கக் குமிழ்கள். பாஸ் டிரம்முக்கு ஒலியளவு, தொனி, நீளம் என்று மூன்று, ஸ்னேருக்கு மூன்று, டாம்களுக்கு ஒலியளவும் சுருதியும். உள்ளே திறந்து பார்த்தாலும் இதே பிரிவினைதான்: ஒவ்வொரு ஒலிக்கும் பெரும்பாலும் தனிச் சர்க்யூட். பாஸ் டிரம்மின் நீளக் குமிழைத் திருப்பும்போது அந்த ஒலியை இழுத்துப் பிடித்திருக்கும் மின்தடையையே விரல் மாற்றுகிறது. இடையில் திரையோ மெனுவோ கிடையாது. இவற்றை ஒருமுறை தொட்டவர்கள் விடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. பழுது பார்ப்பவருக்கும் இதே குணம்தான் கைகொடுக்கிறது. எந்தக் குமிழுக்கு ஒலி அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று காதால் கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். திருப்புளியை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

ஒரு மல்டிமீட்டர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர், சாலிடர் இரும்பு ஆகியவை கையில் இருக்கட்டும். மின் இணைப்பு உள்ளேயே வரும் கருவிகளில் பியூஸ், பவர் சுவிட்ச், டிரான்ஸ்பார்மரின் முதல் பக்கம் ஆகிய மூன்றிலும் 230 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் பொறுத்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கருவி உயிர் பெறவில்லை

முதலில் பின்பக்கத்து வோல்டேஜ் சீட்டைப் படியுங்கள். ஜப்பானில் விற்பனைக்கென்று செய்தவை 100 வோல்ட்டுக்கானவை. அதை நம் ஊர்ச் சுவரில் நேரடியாகச் செருகினால் நல்லது நடக்க வாய்ப்பில்லை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும்போதும் கவனம் தேவை. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது. 100 வோல்ட் கருவிக்கு அது பத்து சதவீதம் அதிகம். ஓடும், ஆனால் ரெகுலேட்டர் வழக்கத்தை விடச் சூடாகும். 100 வோல்ட் என்றே எழுதியிருப்பதைத் தேடி வாங்குவது மேல்.

அடாப்டரில் ஓடும் சிறிய கருவிகளுக்கு வேறு கண்ணி. ரோலண்டின் சிறிய டிரம் மெஷின் டிஆர்-606, பாஸ் சிந்தசைசர் டிபி-303 போன்றவற்றின் 9 வோல்ட் சாக்கெட்டில் நடு ஊசி எதிர்முனை. இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுவே நேர்முனை. பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். அடாப்டரின் மேல் உள்ள வட்டப் படத்தைப் பாருங்கள்.

பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடுங்கள். அதுவும் போனால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது; பவர் சப்ளையின் டயோடுகளையும் கெபாசிட்டர்களையும் சோதிக்க வேண்டும். பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழைய கைவைத்தியம் நாற்பது வயதுக் கருவியிடம் செல்லாது. பியூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் எரியும்.

விளக்கு எரிகிறது, தாளம் ஓடவில்லை

808இல் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. பின்பக்கம் சிங்க் (கருவிகளின் தாளத்தை ஒன்றாக ஓட்டும் இணைப்பு) சாக்கெட்டுக்கு அருகே உள்வருகை, வெளிச்செல்கை என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது உள்வருகையில் நின்றால் கருவி வேறொரு கருவியின் தாளக் குறிக்காகக் காத்திருக்கும். ஸ்டார்ட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. கெட்டுப்போனது என்று மலிவாக விற்கப்படும் பெட்டியை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உறுமல்

எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, கருவியை ஒரேயொரு ஒலிபெருக்கியுடன் மட்டும் இணைத்துக் கேளுங்கள். உறுமல் மறைந்துவிட்டால் அது கிரவுண்டு லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் சத்தம்; கருவிகளை எல்லாம் ஒரே மின்பலகையில் செருகுவதே பெரும்பாலும் போதும். எர்த் ஊசியை வெட்டும் யோசனை வேண்டாம்.

மறையவில்லை என்றால், அந்த உறுமலின் சுருதி என்ன என்று கேளுங்கள். ஐந்து ஆக்டேவ் விசைப்பலகையில் மிகக் கீழே உள்ள ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதற்கு வெகு அருகில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையரைக் கடந்து இரட்டித்தது. பவர் சப்ளையின் பில்டர் கெபாசிட்டர் வற்றிவிட்டது என்று பொருள். அதே சுரத்தின் கீழ் ஆக்டேவில் கேட்டால் 50 ஹெர்ட்ஸ். கெபாசிட்டரை விட்டுவிட்டு உடைந்த ஷீல்டு, தளர்ந்த கிரவுண்டு கம்பி, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஓடும் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு

பெரும்பாலும் தூசியும் ஈரக்காற்றும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் வரும். கிளீனரைக் குமிழின் தண்டுக்கு வெளியே அடித்துப் பயனில்லை. உள்ளே, காண்ட்ரோலின் (குமிழ் சுழற்றும் மாறு மின்தடை) உடம்பில் உள்ள சிறு துவாரத்தில் ஒரு சொட்டு விட்டு, முனையிலிருந்து முனைவரை இருபது முப்பது முறை திருப்புங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. அது விட்டுச்செல்லும் பிசுக்கில் தூசி சேரும்.

துடைத்த பிறகும் அதே கரகரப்பா? அப்போது குற்றவாளி காண்ட்ரோலாக இல்லாமலும் போகலாம். அதற்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் கசிந்து, நேர்மின்சாரத்தை அதன்மேல் விட்டால் புதிய காண்ட்ரோலும் கரகரக்கும். காண்ட்ரோலின் முனையில் மீட்டரை டிசி அளவில் வைத்துப் பாருங்கள். ஒலி மட்டும் போக வேண்டிய இடத்தில் சில வோல்ட் நின்றால் கெபாசிட்டரை மாற்றுங்கள்.

பொத்தான் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறது

பொத்தானுக்கு அடியில் உள்ள டாக்ட் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. டிஆர்-606, டிபி-303 இரண்டிலும் வயதுக்கு வரும் நோய். ஆல்கஹால் விட்டால் சில வாரம் ஓடும், மாற்றிவிடுவதே விவேகம். மாற்றும் முன் தண்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் மேல்மூடி பொத்தானை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்.

808இல் சில ஒலிகள் மட்டும் காணவில்லை

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பழுது இது. துப்பறிவதற்கு இவ்வளவு இடம் தரும் கருவி குறைவு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காணாமல் போன ஒலிகள் எதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன?

808இல் 16 ஒலிகள், ஆனால் 11 தடங்கள்தான். லோ டாமும் லோ காங்காவும் ஒரே தடம், ரிம் ஷாட்டும் கிளேவ்ஸும் ஒரே தடம், கைதட்டலும் மராக்காஸும் ஒரே தடம். முகப்பில் உள்ள சிறு நகர்த்தும் சுவிட்ச்தான் எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. டாம் வருகிறது, காங்கா வரவில்லை என்றால் முதல் சந்தேகம் அந்தச் சுவிட்ச்மேல். கிளீனர் விட்டுப் பலமுறை நகர்த்துங்கள்.

ஹைஹேட், சிம்பல், கவ்பெல் மூன்றும் ஒரே நேரத்தில் ஊமையானால் காரணம் வேறு. இந்த ஒலிகளுக்கு மூலம் ஆறு சதுர அலை ஆசிலேட்டர்கள் (அலையை உண்டாக்கும் சுற்றுகள்). ஆறும் ஒரே ஐசியிலிருந்து, ஷ்மிட் டிரிகர் வகைச் சிப்பிலிருந்து பிறக்கின்றன. ஹைஹேட்டும் சிம்பலும் ஆறையும் கலந்து வடிகட்டி எடுக்கின்றன. கவ்பெல் அவற்றில் இரண்டை மட்டும், ஏறத்தாழ 540, 800 ஹெர்ட்ஸ் என்று ஓடும் இரண்டை, எடுத்துக்கொள்கிறது. மூன்றும் போனால் அந்த ஐசியையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள். ஹைஹேட் வருகிறது, ஆனால் கவ்பெல் ஒற்றைச் சுரமாக, மணித்தன்மை இல்லாமல் ஒலிக்கிறது என்றால் அந்த இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. கூர்ந்து கேட்டால் சிம்பலும் கொஞ்சம் மெலிந்திருப்பது தெரியும்.

அடுத்தது இரைச்சல். ஸ்னேரின் உடல் 'டொக்' என்று கேட்கிறது, மேலே வர வேண்டிய 'சர்' இல்லை. கைதட்டலும் மராக்காஸும் செத்துவிட்டன. இவை எல்லாம் ஒரே இரைச்சல் மூலத்தைச் சார்ந்தவை. அந்த மூலம் ஒரு டிரான்சிஸ்டர். மற்ற இடங்களில் குறையாகக் கருதப்படும் இரைச்சலை இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கென்று இரைச்சல் மிகுந்த டிரான்சிஸ்டர்களை ரோலண்ட் பொறுக்கி எடுத்தது. உற்பத்தி முறை மேம்பட்டு அத்தகைய டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதும் 808ஐத் தொடர முடியவில்லை என்று நிறுவனர் இகுதாரோ காகெஹாஷி பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனவே இங்கே எண்ணைப் பார்த்து ஒரு டிரான்சிஸ்டரைச் சாலிடர் செய்துவிட்டு நகர முடியாது. அந்த இடத்தில் ஒரு சிறு சாக்கெட்டைப் பொருத்துங்கள். அதே இனத்தில் பத்துப் பதினைந்து வாங்கி, ஒவ்வொன்றாகச் செருகி ஸ்னேரைக் கேளுங்கள். ஒன்று சீறும், இன்னொன்று முணுமுணுக்கும், வேறொன்று இடையிடையே வெடிக்கும். சமமாகச் சீறுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஒலி மட்டும் இல்லை, அதற்குச் சுவிட்சும் இல்லை என்றால் அந்தத் தடத்தின் தனி வெளியீட்டில் கேட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் ஒலி பிறக்கிறது. கலவைக்குப் போகும் வழியில், பெரும்பாலும் சாக்கெட்டின் தொடுமுனையில், அறுந்திருக்கிறது. அங்கேயும் வரவில்லை என்றால் அந்த ஒலிக்கு வரும் தூண்டு துடிப்பிலிருந்து தொடங்கிக் கோடு பிடித்துப் போக வேண்டும்.

பாஸ் டிரம்மே கேட்கவில்லை என்று வருபவர்களிடம் முதலில் எதில் கேட்டார்கள் என்று விசாரிப்பேன். 808இன் பாஸ் டிரம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு சுற்று. அலைவு தொடங்கும் விளிம்பில் நிறுத்திவைக்கப்பட்ட அதை ஒரு துடிப்பு உதைத்துவிடுகிறது, அது தானாக அடங்குகிறது. கைபேசி ஸ்பீக்கரிலோ மடிக்கணினியிலோ அந்த அதிர்வு வெளியே வராது. தொடக்கத்து 'டிக்' மட்டும் கேட்கும். பெரிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டுத் திறக்கலாம்.

சுருதி நிற்கவில்லை

மினிமூக் போன்ற பழைய சிந்தசைசர்களில் ஆசிலேட்டரின் சுருதி மின்னழுத்தத்தால் நடக்கிறது. வெளியே ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்பது உள்ளே டிரான்சிஸ்டரின் வாசலில் வெறும் 18 மில்லிவோல்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த 18கூட வெப்பத்தோடு மாறும். ஆகவே அரை மணி நேரம் சூடேற விட்ட பிறகே எதையும் தீர்மானியுங்கள். மின்விசிறியும் ஏசியும் நேராகக் கருவியின்மேல் வீசக்கூடாது.

சூடான பிறகும் விலகினால் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். எல்லாச் சுரங்களும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் டியூன் குமிழோடு விஷயம் முடிந்தது. கீழ் ஆக்டேவ் சரியாக நிற்க, மேலே போகப் போக விலகல் வளர்ந்தால் ஸ்கேல் டிரிம்மரை (ஆக்டேவ் இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் சிறு திருகு) சீர்செய்ய வேண்டும். மெல்ல நகராமல் திடீரென்று தாவினால் வெப்பத்தைக் குறை சொல்லாதீர்கள். அழுக்கான தொடுமுனை அல்லது விரிந்த சாலிடர் இணைப்பு. மரக்குச்சியால் போர்டை மெதுவாகத் தட்டிப் பாருங்கள், தாவும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூனோ-106இல் ஆறு சுரத்துக்கு ஒன்று ஊமை

1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசருக்கு ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும். ஒவ்வொரு குரலின் பில்டரும் ஒலியளவுப் பகுதியும் 80017ஏ என்ற சிறு தொகுதிக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. அதன்மேல் பூசிய பிசின் காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். விளைவு: வெவ்வேறு விசைகளை வரிசையாக அழுத்திப் போனால் ஆறில் ஒன்று வெடிக்கும், மங்கும் அல்லது வராது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கருவியை இயக்கினால் சோதனை நிலைக்குப் போகும்; அழுத்தும் ஒவ்வொரு விசையையும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். நோயாளி எது என்று குறித்துக்கொள்ளலாம்.

தொகுதியைக் கழற்றி அசிட்டோனில் ஊறப்போட்டுப் பிசினை உரித்துவிடுவது பலருக்குப் பலன் தந்த வழி. காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்யுங்கள். ஊறியும் எழாதவற்றுக்கு இப்போது புதிதாகச் செய்த மாற்றுத் தொகுதிகள் விற்கின்றன. ஒன்று போன கருவியில் மற்ற ஐந்தும் அதே வயதுடையவை என்பதால், சாலிடர் இரும்பு சூடாக இருக்கும்போதே ஆறையும் பார்த்துவிடுவது கை வலியை மிச்சப்படுத்தும்.

நினைவு அழிகிறது, அல்லது யாரும் எழுதாத பாட்டு வருகிறது

அணைத்துப் போட்டதும் பதிந்த தாளங்கள் போய்விட்டால் பேட்டரி. 808இல் மூன்று ஏஏ பேட்டரிகள் நினைவைக் காக்கின்றன. மின்சாரம் இருக்கும்போதே மாற்றினால் பதிவுகள் பிழைக்கும். ஜூனோ-106இல் போர்டில் சாலிடர் செய்த 3 வோல்ட் லித்தியம் செல். மாற்றும்போது ஒரு ஹோல்டரைப் பொருத்திவிடுங்கள்.

பயப்பட வேண்டியது கசிவுக்கு. கோர்க் நிறுவனத்தின் பாலிசிக்ஸ் சிந்தசைசரில் உள்ள நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து கேஎல்எம்-367 போர்டின் செப்புத் தடங்களையே தின்றுவிடும். பதிவுகள் சேமிக்கப்படாதது, பொத்தான்கள் தாறுமாறாக நடந்துகொள்வது எல்லாம் அங்கிருந்தே தொடங்கும். கருவி நன்றாக ஓடினாலும் அந்தப் பேட்டரியை இன்றே எடுத்துவிடுங்கள். கசிந்தது காரம், வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, நுரை அடங்கியதும் சுத்தமான நீராலும் பிறகு ஆல்கஹாலாலும் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும்.

டிபி-303இல் பேட்டரி தீர்ந்துபோனால் இன்னொரு வேடிக்கை: நினைவில் குப்பை நிரம்பி, புரியாத சுரவரிசைகள் ஓடும். இதைப் பழுது என்று அழிக்கும் முன் இரண்டு நிமிடம் ஒலியை வடிகட்டும் கட்-ஆப், ரெசனன்ஸ் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். சிகாகோவில் பியூச்சர் என்ற குழு, பழையதாக வாங்கிய 303 ஓட ஓட அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டே செய்த பதிவு 1987இல் வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே அதிலிருந்து கிளைத்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே மும்பையில் சரண்ஜித் சிங் 303, 808, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து ராகங்களை இசைத்துப் பதிவு செய்திருந்தார். 2010இல் மறுவெளியீடு வரும்வரை அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

இரண்டு கருவிகள் ஒத்துப்போகவில்லை

808இன் சிங்க் சாக்கெட்டும் மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது முறை) சாக்கெட்டும் பார்வைக்கு ஒன்றே, ஐந்து துளை. ஆனால் 808இல் மிடி கிடையாது. சிங்க் செய்தி 1, 3ஆம் ஊசிகளில் போகிறது. மிடி 4, 5ஐப் பயன்படுத்துகிறது. மிடி கம்பியை நேராகச் செருகினால் ஒன்றும் நடக்காது. இடையில் மாற்றிப் பெட்டி வேண்டும். 808 இரட்டை வேகத்தில் பறக்கிறது என்றால் குறி அனுப்பும் கருவி கோர்க்காக இருக்கும். கோர்க் ஒரு கால் சுரத்துக்கு, அதாவது ஒரு தாள அடிக்கு, 48 துடிப்பு அனுப்பும், ரோலண்ட் எதிர்பார்ப்பது 24.

ரோலண்ட் எஸ்எச்-101 சிந்தசைசரை 1978ஆம் ஆண்டுக் கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசருடன் கட்டினால் சுருதி ஓர் இடத்தில் மட்டும் பொருந்தி, மற்ற இடங்களில் சிதறும். முன்னது ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் கூட்டுகிறது: 1, 2, 3. பின்னது ஆக்டேவுக்கு வோல்ட்டை இரட்டிக்கிறது: 1, 2, 4. தூண்டுக் குறியும் தலைகீழ். விசையை எடுத்தால் ஒலிக்கும், அழுத்தினால் நிற்கும். இரண்டு கருவியும் நலம். இதற்கும் மாற்றிப் பெட்டிதான்.

பழுதே அல்லாதவை

வேறொருவரின் 808 போல் உங்களுடையது ஒலிக்கவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் டிரிம்மர்களைத் திருப்பாதீர்கள். உதிரிகள் ஒவ்வொன்றும் சில சதவீதம் முன்பின்னாகவே பிறந்தவை. ஒரு பெட்டியின் பாஸ் டிரம் இன்னொன்றின் பாஸ் டிரம்மை விடச் சற்று நீளமாக, சற்றுக் கீழே ஒலிப்பது இயல்பு. டெம்போ சிறிது அலைவதும் அப்படியே. சர்வீஸ் கையேடு கையில் இருந்து, திருப்பித்தான் தீர வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு டிரிம்மரும் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து, மெல்லிய மார்க்கரால் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.